கட்டிலுக்கடியில் வைத்த புதுப் பானை

"என் கொடி எங்கேம்மா இருக்குது?"

என் மகள் மரகதம் இதைக் கேட்டுச் சில மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

அப்போது ஓமலூருக்கு மேற்கே எங்கள் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சேலத்தில் பள்ளிக்கூட வாத்தியார் உத்தியோகம். லீவு விட்டால் தோட்டத்துக்குப் போய்விடுவோம். நான் வாசலில் உட்கார்ந்து துவரை புடைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு முருங்கை மரம். அதனடியில் என் மூத்தவன் முத்து காலை அகட்டி நின்று தங்கையிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தான்.

"இங்கதான் எங்கொடி இருக்குது. அப்பத்தா புதுப் பானையில போட்டுப் பொதைச்சாங்க. அதனாலதான் இந்த மரம் இத்தனை காய்க்குது. இது என்ற மரம். நீ ஏறப்படாது."

"எனக்கு எங்க?"

"உனக்கு இல்ல. நீ ஆஸ்பத்திரிப் புள்ள."

அவள் அழவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு நேரே என்னிடம் வந்து, முறத்தின் மேல் கவிழ்ந்து, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"போய் விளையாடு சாமி" என்றேன். முறத்தில் இருந்த துவரையில் பாதி தொலியோடு போய்விட்டது.

கொடி என்று எங்கள் பக்கம் சொல்வது நஞ்சுக்கொடியை. பிள்ளை பிறந்தபின் விழுவது. அதைப் புதுப் பானையில் இட்டு, மூடி, சொந்த மண்ணில் நீர் ஓடும் இடமாகப் பார்த்துப் புதைப்பார்கள். நாயோ காக்கையோ தொட்டுவிட்டால் பிள்ளை தேறாது, தாய்க்குப் பால் வற்றும் என்பார்கள்.

இதை எழுத ஆரம்பித்ததும் அவர் எட்டிப் பார்த்தார். "இதையெல்லாமா பத்திரிகையில எழுதுவே?" என்றார்.

எழுதத்தான் போகிறேன். இந்த ஒரு வார்த்தையை வாய் திறந்து சொல்ல ஆண்கள் கூசியதால்தான் எங்கள் ஜில்லாவுக்கு வர வேண்டிய வைத்தியக் கல்லூரி வராமல் போயிற்று. அப்படித்தான் நான் நினைக்கிறேன். தவறாக நினைக்கிறேனோ என்றும் பல நாள் யோசித்திருக்கிறேன். யோசித்து யோசித்துப் பார்த்தும் கோபம் குறையவில்லை.

பட்டணம் தூரம்

நான் பிறந்தது மோகனூர்ப் பக்கம், காவிரிக்கரையில். என் அப்பா என்னைச் சேலத்தில் கன்னிகாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்தார். இங்கிலீஷ் நன்றாக வந்தது. நாலெழுத்துப் படித்த பெண் என்று ஊரில் பெயர் எடுத்தேன். கடைசிப் பரீட்சை எழுதிய பிறகு, டாக்டருக்குப் படிக்கிறேன் என்று ஒரு நாள் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா கோபிக்கவில்லை. "எங்க கண்ணு படிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

"மதராஸில்."

அவர் ஆற்றைப் பார்த்தார். அக்கரையே அவருக்குத் தூர தேசம். அடுத்த முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்லூரி சேலத்தில் இருந்திருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடிந்ததில்லை.

அதனால்தான், யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாளில், "மாகாண சர்வகலாசாலையோடு இணைந்த ஒரு வைத்தியக் கல்லூரியைச் சர்க்கார் நம் ஜில்லாவில் திறக்க வேண்டும்" என்று ஒரு கமிட்டி ஏற்பட்டபோது, என் வீட்டுக்காரரை அதில் சேரும்படி பிடுங்கி எடுத்தவள் நான்தான். அவரும் சேர்ந்தார். கமிட்டிக்குத் தலைவர் ஊரில் பெயர் பெற்ற ஒரு வக்கீல். நல்ல மனிதர். இதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குத் தன் வீட்டுக் காப்பியையே கொடுப்பார். சர்க்கரை கிடைக்காத காலம், வெல்லக் காப்பிதான்.

கை தூக்கிய தீர்மானம்

மதராஸிலிருந்து ஒரு பெரிய வெள்ளைக்கார டாக்டர் வந்து ஊர் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். இடம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ரயில் இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாராம். பிரசவ வார்டுக்கு வந்ததும் நின்றுவிட்டாராம். கட்டில்கள் எல்லாம் காலி.

"பிரசவம் பார்த்துப் பழகாதவனுக்கு நாங்கள் எப்படிப் பட்டம் கொடுப்பது? உங்கள் பெண்கள் இங்கே வரட்டும். பிறகு கல்லூரியைப் பற்றிப் பேசலாம். நான் மறுபடி வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. ஜில்லாவில் உள்ள குடும்பங்கள் எல்லாம் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கே வர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வந்திருந்த அத்தனை பேரும் கை தூக்கினார்கள். அவரும் தூக்கினார். வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அப்போது ஆறாம் மாதம்.

"கை தூக்கினவங்கள்ல யாரு ஊட்டுல இருந்து அனுப்பப் போறாங்க?" என்று கேட்டேன்.

"பொதுவா போட்ட தீர்மானம் புள்ள அது."

"பொதுவா புள்ளை பெத்துக்க முடியுங்களா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பெண்கள் ஏன் வரவில்லை என்பதற்குக் கமிட்டிக்காரர்கள் பல காரணம் கண்டுபிடித்தார்கள். கூச்சம் என்றார்கள், திரைச்சீலை போட்டார்கள். ஆண் டாக்டருக்குப் பயம் என்றார்கள், ஒரு டாக்டரம்மாவை வரவழைத்தார்கள். மூடநம்பிக்கை என்று சந்தைதோறும் நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லாம் செய்தார்கள். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "ஏம்மா வரவில்லை?" என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் கேட்டேன்.

பாவாயி சொன்னது

பாவாயி என் கொழுந்தனார் மனைவி. தோட்டத்தில் மாமியாரோடு இருக்கிறாள். முதல் பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்று, இறந்துதான் பிறந்தது. அவளே பிழைத்தது தெய்வாதீனம். அவளும் அப்போது மறுபடி முழுகாமல் இருந்தாள், எனக்கு இரண்டு மாதம் பின்னால்.

கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே கேட்டேன்: "நீ ஆஸ்பத்திரிக்கு வந்தா என்ன பாவாயி?"

"வரமாட்டேங்கலீங்க அக்கா. அங்க பொம்பளை டாக்டரு இருக்குதாமே. எனக்கு மட்டும் சாகோணும்னு ஆசையா?" துணியை உதறினாள். "ஆனா அங்க கொடியை என்ன பண்ணுறாங்க? எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டறாங்களாம், நாய் இழுக்குதாம். ஒண்ணைத்தான் மண்ணுக்கு அள்ளிக் குடுத்தேன். இன்னொண்ணையும் நாய்க்குக் குடுக்கோணுமா?"

அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் விசாரித்தேன். எல்லாரும் சுற்றி வளைத்து அதையேதான் சொன்னார்கள். ஒருத்தி, "பானையைக் கையில குடுத்துட்டா நாளைக்கே வாரேன்" என்றாள். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. திரைச்சீலை வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம். ஒரு மண்பானையைத் திருப்பிக் கொடுத்தால் வார்டு நிறைந்துவிடும்!

உனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். படித்தவள், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் முத்து கைக்குழந்தையாகப் பால் குடிக்காமல் கிடந்தபோது நானும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் அந்த முருங்கைக்கு ஊற்றினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஊற்றினேன். பாவாயி பார்த்துவிட்டாள்.

வக்கீல் கொடுத்த வாக்கு

கமிட்டியில் இதைச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இதை எப்படிப் புள்ள நான் சபையில சொல்லுறது?"

"புள்ளை பெறுறதைப் பத்தித் தீர்மானம் போட்ட சபைதானுங்களே?"

போனார். "வீட்டு வழக்கங்களுக்கு ஆஸ்பத்திரியில் இடம் தர வேண்டும்" என்றாராம். எந்த வழக்கம் என்று யாரோ கேட்டார்களாம். "சில வழக்கங்கள்" என்று இருமினாராம். எல்லாரும் ஒப்புக்கொண்டார்களாம். எதை ஒப்புக்கொண்டோம் என்று ஒருவருக்கும் தெரியாது!

பிறகு ஒரு நாள் வக்கீல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நானே சொன்னேன். கதவோரம் நின்றுதான் சொன்னேன். ஆனாலும் வார்த்தையை மறைக்காமல் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அம்மா, நாங்க மெடிக்கல் காலேஜ் கேக்கறோம். நீங்க சட்டி பானை கேக்கறீங்களே!"

"பானை கொடுத்தா காலேஜ் வருங்க."

சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். "சரிம்மா. யார் வேண்டாங்கறா? தாராளமா கொண்டு போங்க. ஆஸ்பத்திரியில நான் சொல்லிடறேன். நீங்க முதல்ல வாங்க. படிச்ச பொண்ணு வந்தா நாலு பேர் வருவாங்க."

அந்த வாக்கைப் பாவாயியிடம் கொண்டுபோனேன். "முதல்ல நான் போறேன். பானை திரும்பி வந்தா நீ வரோணும்" என்றேன்.

"வந்தா வாரேனுங்க" என்றாள்.

பானைக்கு டிக்கெட்

என் மாமியாரைச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை. கடைசியில் அவர் சம்மதித்ததும் பானைக்காகத்தான். ஆனால் சம்மதித்த பிறகு எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். குயவரிடம் சொல்லிப் புதுப் பானை வாங்கினார். மஞ்சள் பூசினார். கழுத்தில் மஞ்சள் நூல் சுற்றினார். வாயில் வேப்பிலை வைத்தார். முருங்கை மரத்தடியில், முத்துவின் குழிக்குப் பக்கத்தில், மாமனாரைக் கொண்டு முன்கூட்டியே குழியும் வெட்ட வைத்தார். எங்கள் குடும்பத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அந்த வரிசையில்தான் இடம்.

மாதம் நெருங்கியதும் கரி பஸ்ஸில் சேலத்துக்கு வந்து சேர்ந்தார். பெட்ரோல் இல்லாத காலத்தில் பின்னால் அடுப்பை வைத்து ஓட்டிய பஸ். மூக்கு, காது, முந்தானை எல்லாம் கரி. பானை மட்டும் பளிச்சென்று அவர் மடியில் இருந்தது. வழியில் கண்டக்டர் கேலி செய்தானாம்.

"ஏனாத்தா, பானைக்கும் ஒரு டிக்கெட்டு வாங்கிப்போட்டு ஒக்காரு."

"இப்ப வெறும் பானைடா. திரும்பி வாரப்போ கேளு, வாங்கறேன்."

ஆஸ்பத்திரியில் எனக்கு வாய்த்த நர்ஸ் ஞானம்மாள். சேலத்துக் கிறிஸ்தவக் குடும்பம், கழுத்தில் சின்னச் சிலுவை. மாமியார் பானையை நீட்டியபோது அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. "எங்க வீட்லயும் இப்படித்தாம்மா. வேப்பிலை மட்டும் வைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள். மாமியாருக்கு அந்த நிமிஷத்திலேயே ஆஸ்பத்திரி பிடித்துவிட்டது.

மரகதம் பிறந்தபோது தொப்புள்கொடி அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது. பிள்ளை நீலம் பாரித்து, சத்தமில்லாமல் வந்தது. டாக்டரம்மா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் கைகள் மட்டும் நினைவில் இருக்கின்றன, பதறாத கைகள். பிறகு ஒரு சிறு தும்மல், அதன் பின்னால் அழுகை. தோட்டத்தில் இருந்திருந்தால் அவள் இல்லை. இதை நான் மறக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியை என்னால் முழுக்க வெறுக்க முடியாமல் இருப்பது இதனால்தான்.

ஞானம்மாள் மறக்காமல் பானையை நிரப்பி, மூடி, நூலை இறுக்கி, கட்டிலுக்கடியில் வைத்தாள். இருட்டிவிட்டதால் காலையில் எடுத்துப்போகலாம் என்று மாமியார் என் வீட்டுக்குப் போனார். வண்டி கட்டிக்கொண்டு வரும்படி மாமனாருக்கும் ஆள் சொல்லி அனுப்பினார்.

பினாயில் வாசனை

மறுநாள் காலையில் வாசற்கதவைச் சாத்திவிட்டார்கள். மதராஸ் டாக்டர் திரும்பி வருகிறாராம். சொந்தக்காரர் யாரும் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. ஞானம்மாளுக்கு அன்று காலை வேலை இல்லை.

வார்டு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். இன்றைக்கும் பினாயில் வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். எனக்குப் புதுப் போர்வை போர்த்தினார்கள். வக்கீலும் இன்னும் சிலரும் முன்னால் வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். என்னைப் பார்த்ததும் வக்கீல் முகம் மலர்ந்தது. "ஜெயிச்சிட்டோம்மா" என்றார். அப்போதுதான் கட்டிலுக்கடியில் அந்த மஞ்சள் அவர் கண்ணில் பட்டது.

"இதென்ன?"

"அன்னைக்கு உங்ககிட்டச் சொன்னேனுங்களே. நீங்க சரின்னீங்க."

"சொன்னேன்மா. அதுக்காக இன்னைக்கா? யார் வரார் தெரியுமா? வேப்பிலையும் மஞ்சளுமா கட்டிலுக்கடியில ஒரு பானை இருந்தா அவர் நம்மளைப் பத்தி என்ன நினைப்பார்?"

"எங்க அத்தை வாசல்ல நிக்கறாங்க. அவங்க கையில கொடுக்கச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றபடி அவர் தரை கழுவிக்கொண்டிருந்த தோட்டியைப் பார்த்துக் கையை அசைத்தார்.

வாசல் கூப்பிடு தூரம்தான். புளியமரத்தடியில் எங்கள் மாடுகளின் மணிச்சத்தம் எனக்குக் கேட்டது. தோட்டி பானையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போகவில்லை. பின்பக்கம் போனான். அவிழ்ந்த மஞ்சள் நூல் ஈரத் தரையில் இழுபட்டுக்கொண்டு போயிற்று. எழுந்திருக்கப் பார்த்தேன். கால் தரையில் ஊன்றவில்லை. கத்தினேன். பிள்ளைதான் விழித்து அழுதது.

பெரிய டாக்டர் வந்தார். உயரமான மனிதர், களைத்த முகம். "இவள் ஒரு ஆசிரியரின் மனைவி, படித்தவள்" என்று வக்கீல் என்னைக் காட்டினார். டாக்டர் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் வரிசையாகக் காலிக் கட்டில்கள். மற்றப் பெண்கள் ஏன் வரவில்லை என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அறியாமை, ஐயா" என்றார் வக்கீல்.

நான் இங்கிலீஷில் பேசினேன். "அது இல்லை ஐயா. குழந்தைக்குப் பின்னால் வருவதை எங்களுக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. இப்போதுதான் என்னுடையதை எடுத்துப்போனார்கள். அதைக் கொடுத்துவிட்டால் எல்லாரும் வருவார்கள்." நஞ்சுக்கொடிக்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. நான் படித்த பள்ளியில் பூக்களின் பெயர் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

டாக்டர் புரியாமல் வக்கீல் பக்கம் திரும்பினார்.

"ஜுரம் ஐயா, பிதற்றுகிறாள்" என்றார் வக்கீல். என் காதில் விழும்படிதான் சொன்னார். எனக்குப் புரியும் பாஷையில்தான் சொன்னார்!

பெரிய டாக்டர் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஜுரம் இல்லை என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவருக்கு இன்னும் பல வார்டு பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த காலிக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், எல்லாக் கழிவையும் கொட்டும் குழியில் கொட்டியிருந்தார்கள். மாமனாரும் என் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து வந்தார்கள். மாமியார் சண்டை போடவில்லை. "பானையையாச்சும் குடுங்க சாமி" என்று தோட்டியிடம் கேட்டார். அது உடைந்துவிட்டதாம்.

வெறும் வண்டி திரும்பிப் போனதை வழிநெடுக எல்லாரும் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் செய்தி போய்விட்டது.

மற்றவள் குழி

பாவாயிக்கு வலி எடுத்தபோது கொழுந்தனார் மாட்டைப் பூட்டி, வண்டியில் வைக்கோல் பரப்பி, தயாராக நின்றார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாளாம். விரல்களைப் பிரிக்க முடியவில்லையாம். "அக்காளுக்கே குடுக்காதவங்க எனக்கா குடுப்பாங்க?" என்று கேட்டாளாம்.

இந்த முறையும் பிள்ளை தங்கவில்லை.

எனக்காக வெட்டிய குழி மூடாமலே கிடந்தது. பாவாயியின் கொடியை மாமியார் அதில்தான் புதைத்தார். நான் பார்க்கப் போனபோது பாவாயி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய் அங்கே ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மரகதத்தை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "உங்க எடத்தை நான் எடுத்துக்கிட்டனுங்க அக்கா" என்றாள்.

மரகதத்துக்குப் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். "இதோ, அண்ணன் பக்கத்தில்தான்" என்று அந்த இடத்தைக் காட்டிவிடலாம். குழந்தை நம்பிவிடும். ஆனால் அங்கே இன்றைக்கும் பாவாயி தண்ணீர் ஊற்றுகிறாள்.

யார் விரும்பவில்லை?

சில மாதங்களில் கல்லூரி வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அவர் பத்திரிகையை எனக்குப் படித்துக் காட்டினார். காரணங்களில் ஒன்று: இந்த ஜில்லாப் பெண்கள் ஆஸ்பத்திரிப் பிரசவத்தை விரும்புவதில்லை.

விரும்புவதில்லையாம்! புதுப் பானை வாங்கி, கரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் விரும்பாதவரா? "நாளைக்கே வாரேன்" என்றவள் விரும்பாதவளா? கை தூக்கிய கனவான்களில் ஒருவர் வீட்டுப் பெண்ணாவது அந்த வார்டில் வந்து படுத்தாளா என்று யாராவது எழுதினார்களா? கல்லூரியை விரட்டியது எங்கள் அறியாமை அல்ல. வெள்ளைக்காரர் முன்னால் எங்கள் பானையைக் கண்டு வெட்கப்பட்டவர்களின் வெட்கம்தான் விரட்டியது.

எழுதி முடித்ததும் இதே வரியை அவரிடம் படித்துக் காட்டினேன். "கொஞ்சம் காரமா இருக்குது" என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு பானை கொடுத்திருந்தால் ஒரு கல்லூரி வந்திருக்கும் என்பது அதிகப்படிதானோ என்று நானே கேட்டுக்கொள்வதும் உண்டு. மேலிடத்தில் வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் பாவாயியின் பிள்ளைக்கு வேறு காரணம் இல்லை.

மறுபடியும் கமிட்டி

வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். இப்போது நம்முடைய சர்க்கார். வைத்தியக் கல்லூரிக்கு மறுபடி கமிட்டி போட்டிருக்கிறார்கள். தலைவர் அதே வக்கீல்தான், கோட்டுக்குப் பதில் கதர். சென்ற வாரம் வீட்டுக்கு வந்தார். மாதர் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவள் என்று மரகதத்தையும் மேடையில் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்.

இந்தத் தடவை நான் கதவோரம் நிற்கவில்லை. "அந்தப் பானை விஷயம் என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

அவருக்கு நினைவே இல்லை! யோசித்துப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல காலேஜ் வரட்டும்" என்றார்.

மேடை ஏற மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருப்பேன். சொல்ல முடியாமல் செய்தது பாவாயி. அவளுக்கு இப்போது மறுபடி ஐந்தாம் மாதம். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவதும் தோட்டத்திலேயே என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மரகதத்தின் கழுத்தைச் சுற்றியிருந்த தொப்புள்கொடியும் அந்தப் பதறாத கைகளும் கண்ணைவிட்டுப் போகவில்லை. பாவாயியும் பிடிவாதம் பிடிக்கவில்லை. "நீங்க வரச் சொன்னா வாரேனுங்க அக்கா. ஆனா வக்கீலு சொன்னாரு, டாக்டரு சொன்னாருன்னு சொல்லாதீங்க. நீங்களே சொல்லோணும்" என்கிறாள்.

எதை நம்பி நான் சொல்வது?

இதைப் படிக்கும் தாய்மார்களே, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கொடியைக் கேட்டால் கொடுக்கிறார்களா? யாரிடம் கேட்டீர்கள்? சொன்ன சொல்லை எப்படிக் காப்பாற்ற வைத்தீர்கள்? நர்ஸ்மார்களோ டாக்டர்களோ படித்தால், அதைக் கொடுப்பதில் உண்மையாகவே ஏதாவது கெடுதல் உண்டா என்று எனக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். கெடுதல் உண்டு என்றால் அதையும் பாவாயியிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மேடை ஏறுவதா வேண்டாமா என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெரிய பெரிய யோசனைகள் வேண்டாம், உங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் போதும்.

மரகதத்துக்கு என்ன பதில் சொல்வது என்றும் யாராவது எழுதினால் நன்றி. அது மெதுவாக வரட்டும், அவள் காத்திருப்பாள். பாவாயி விஷயத்துக்கு மட்டும் சீக்கிரம் எழுதுங்கள். குயவர் அடுத்த சூளை வைக்கப் போகிறாராம். புதுப் பானைக்குச் சொல்லட்டுமா, ஆஸ்பத்திரிக்கா ஊட்டுக்கா என்று தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் மாமியார் என் முகத்தைப் பார்க்கிறார்.